ஜாமீன் கையெழுத்து 'பேருக்கு' அல்ல

பல்லடம் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சென்ற வாரம் வந்தார். மஞ்சள் பைக்குள் பிரிக்காத பதிவுத் தபால்கள் சில, மடித்த செய்தித்தாள் ஒன்று. செய்தித்தாளில் அவருடைய வீட்டின் சர்வே எண், நான்கெல்லை, ஏலத்தின் குறைந்தபட்சத் தொகை எல்லாம் அச்சாகியிருந்தன. கடன் அவருடையது அல்ல. மைத்துனர் மகன் பனியன் கம்பெனிக்கு வாங்கியது. இவர் அதற்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர். "நான் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லையே, என் வீட்டை எப்படி விற்பார்கள்?" என்று கேட்டார்.

கோவை கடன் வசூல் தீர்ப்பாயத்தில் வழக்கு நடத்துகிற எனக்கு இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. வருகிறவர்கள் விவரம் தெரியாதவர்களும் இல்லை. காடு வாங்கும்போது முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்ப்பவர்கள், வங்கியில் நீட்டிய தாளில் மட்டும் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். பங்காளி கேட்டான், மாப்பிள்ளை கேட்டார், மறுத்தால் உறவு கெட்டுவிடும் என்கிறார்கள். கடன் கெட்டபின் அந்த உறவுகள் என்னவாகின்றன என்பதை என் அலுவலக வராந்தாவில் வந்து பார்க்க வேண்டும்.

"கடன் வாங்கியவனிடம்தான் முதலில் வசூலிப்பார்கள், அவன் சொத்தையெல்லாம் விற்றும் போதாவிட்டால்தான் ஜாமீன்தாரரிடம் வருவார்கள்." நம் பக்கத்தில் வேரோடிக் கிடக்கும் இந்த எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்பட்டிருந்தால் ஒழிய, கடனாளிக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. பாதியும் இல்லை, மிச்சமும் இல்லை, முழுத் தொகையும். 'கடனாளியைத் துரத்திவிட்டு அப்புறம் என்னிடம் வா' என்று வங்கியிடம் சொல்ல முடியாது. அப்படிச் சொல்ல விட்டால் ஜாமீன் வாங்கியதற்கே பொருளில்லாமல் போய்விடும் என்று உச்ச நீதிமன்றம் அரை நூற்றாண்டுக்கு முன்பே தீர்ப்பளித்துவிட்டது. நீதிமன்றத்துக்குப் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுத்து விற்க வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டமோ, கடனாளி யார் என்று விளக்கும் இடத்திலேயே ஜாமீன் கொடுத்தவரையும் சொத்தை அடமானம் வைத்தவரையும் சேர்த்துவிட்டது. வங்கி அதிகாரியின் இடத்திலிருந்தும் பாருங்கள். ஓடித் தேய்ந்த தையல் இயந்திரங்களையும் குடோனில் கட்டுக் கட்டாகக் கிடக்கும் துணியையும் ஏலத்தில் கேட்க ஆள் வராது. வில்லங்கமில்லாத வீட்டுக்கு உடனே வருவார்கள். அவர் எதை முதலில் ஏலத்துக்குக் கொண்டுவருவார்?

"பத்திரம் கொடுக்கவில்லை, கையெழுத்து மட்டும்தான்" என்பார்கள் சிலர். உண்மைதான், அடமானம் இல்லாத சொத்தைச் சர்பாசி சட்டத்தின்கீழ் வங்கி நேரடியாகக் கையகப்படுத்த முடியாது. ஆனால் பாக்கி 20 லட்சமும் அதற்கு மேலும் என்றால் தீர்ப்பாயத்துக்கு வரும், வசூல் சான்றிதழ் வாங்கும், வசூல் அதிகாரி உங்கள் சொத்தை ஜப்தி செய்வார். கொஞ்சம் காலம் கூடும், அவ்வளவுதான்.

இன்னொன்று, சி.சி. கணக்குக்கு, அதாவது ஒரு வரம்புக்குள் எடுத்தும் கட்டியும் வரும் தொழில் கடனுக்கு (கேஷ் கிரெடிட்), போடும் ஜாமீன் பெரும்பாலும் தொடர் ஜாமீன். அந்தக் கணக்கில் பின்னால் எடுக்கும் பணத்துக்கும் அது சேரும். லிமிட்டைப் புதுப்பிக்கும்போதெல்லாம் மறுபடி கையெழுத்து வாங்குவார்கள். 'பழையதுதான்' என்று நீட்டப்படும் தாளில் 20 லட்சம் 50 லட்சமாகியிருக்கும்.

மேனேஜர் தெரிந்தவர், பார்த்துக்கொள்வார் என்ற காலமும் போய்விட்டது. 2015-இல் ரிசர்வ் வங்கி வங்கிகளின் கணக்குகளைக் குடைந்து பார்த்தபோது, மூடி வைத்திருந்த வாராக்கடன்கள் வெளியே வந்தன. 2018 மார்ச்சில் மொத்த வாராக்கடன் விகிதம் 11.2 சதவீதத்தைத் தொட்டது. 2024 மார்ச்சில் 2.8 சதவீதத்துக்கு இறங்கியது. வங்கிகளுக்கு இது நல்ல செய்திதான், வைப்புத்தொகை போட்டிருக்கும் நமக்கும் நல்லதுதான். ஆனால் அந்தக் கண்டிப்பு சோமனூர்த் தறிக்காரருக்கும் திருச்செங்கோடு ரிக் வண்டிக்காரருக்கும் ஒரே மாதிரிதான் வந்து சேர்கிறது. தவணை 90 நாளைத் தாண்டினால் கணினியே அந்தக் கணக்கை வாராக்கடனாக்கிவிடும். கிளை மேலாளர் நினைத்தாலும் தடுக்க முடியாது. அதன்பின் ஒரு தவணை கட்டிச் சரிசெய்துவிடலாம் என்பதும் நடக்காது. தவறிய தவணை, வட்டிப் பாக்கி முழுவதையும் கட்டினால்தான் கணக்குப் பழைய நிலைக்குத் திரும்பும் என்று 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்திவிட்டது.

"பெரிய முதலாளிகளின் கடனை மட்டும் தள்ளுபடி செய்கிறார்களே" என்ற கோபம் எனக்கும் புரிகிறது. திவால் சட்டத்தில் பெரிய நிறுவனங்களின் பாக்கியில் கணிசமான பகுதியை வங்கிகள் விட்டுக்கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கும் அந்தக் கோபம் வருகிறது. ஆனால் வங்கி தன் ஏட்டிலிருந்து கடனை நீக்குவதாலேயே கடனாளி விடுபடுவதில்லை. வசூல் நடந்துகொண்டே இருக்கும். ஜாமீன்தாரர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: திவால் சட்டத்தில் கம்பெனிக்குத் தீர்வுத் திட்டம் ஏற்கப்பட்டாலும் தனிநபர் ஜாமீன்தாரர் அதனால் மட்டும் தப்ப முடியாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தோட்டத்து ஆட்களிடம் ஒரு வார்த்தை. விவசாய நிலத்தைச் சர்பாசி சட்டம் தொடாது என்பது சரி. ஆனால் ஆவணத்தில் புஞ்சை என்று இருப்பது மட்டும் காப்பாற்றாது. வெள்ளாமை நடக்கிறதா என்று பார்ப்பார்கள். தறி செட்டும் கோழிப் பண்ணையும் கட்டிய இடத்தைத் தோட்டம் என்று வாதாடுவது எளிதல்ல.

தபால் வந்தால் பிரியுங்கள்! வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினால் நோட்டீஸ் செல்லாது என்று எந்தப் புண்ணியவான் சொல்லிக்கொடுத்தாரோ தெரியவில்லை. மறுத்தாலும் சேர்ந்ததாகத்தான் கணக்கு. முதல் நோட்டீஸில் 60 நாள் அவகாசம் இருக்கிறது. அதற்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் வங்கி 15 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். சொத்தைக் கையகப்படுத்தியதாக நோட்டீஸ் ஒட்டினால் அன்றிலிருந்து 45 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்கு வர வேண்டும். ஏல அறிவிப்பு வெளியாகும் முன் முழுப் பாக்கியையும் கட்டினால் சொத்தை மீட்கும் உரிமை இருக்கிறது. வெளியான பின் அந்த உரிமை கிடையாது. அந்த ஆசிரியர் வந்தது அதற்கும் அப்பால்.

தொழில் செய்கிறவர்களுக்கு: சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை எடுத்து வையுங்கள். பார்ட்டியிடம் பணம் மாட்டிக்கொண்டு தவணை தவறத் தொடங்கிய முதல் மாதமே வங்கிக்கு எழுதுங்கள். 25 கோடி வரை கடன் உள்ள சிறு, குறு, நடுத்தர நிறுவனங்கள் நொடிக்கும் முன் மறுசீரமைப்புக் கேட்க 2016-இலிருந்தே ரிசர்வ் வங்கியின் நடைமுறை இருக்கிறது. வங்கிகள் அதைப் பின்பற்றித்தான் ஆக வேண்டும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல், ஏலம் வரைக்கும் விட்டுவிட்டு வருபவருக்கு அது உதவாது என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

வீடு அம்மா பேரிலோ மனைவி பேரிலோ இருப்பதால் வங்கிக்கு அழைத்துப்போய், உட்கார வைத்து, 'இங்கே, இங்கே' என்று விரல் காட்டிக் கையெழுத்து வாங்குகிறார்களே, அந்தப் பெண்களிடம்தான் என் வேண்டுகோள். ஒரு நாள் டைம் கேளுங்கள். எத்தனை ரூபாய்க்கு, எந்தக் கணக்குக்கு, எதுவரை பொறுப்பு என்று மேலாளரிடமே கேளுங்கள். நகலை வீட்டுக்கு எடுத்துவந்து, கடனில் சம்பந்தமில்லாத ஒருவரை விட்டுத் தமிழில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். மகன் கோபித்துக்கொண்டாலும் கேளுங்கள்.