அடைத்த சிரையின் ரத்தம் எங்கே போகும்?

வெரிகோஸ் வெயினுக்கு லேசர் வைத்துச் சிரையை அடைத்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னதும் வரும் பயம் நியாயமானது. வழியை மூடிவிட்டால் ரத்தம் எப்படி மேலே ஏறும்?

வெரிகோஸ் வெயினைத்தான் நரம்பு சுருட்டிக்கொண்டது என்கிறோம். சுருள்வது நரம்பல்ல, ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும் சிரை. அசையாமல் நிற்கையில் கணுக்கால் சிரையில் அழுத்தம் ஏறத்தாழ 90 மி.மீ. பாதரசம். நடந்தால் கெண்டைச்சதை சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளும். அழுத்தம் 30 அளவுக்கு இறங்கிவிடும். தள்ளிய ரத்தம் கீழே வழியாமல் காப்பவை உள்ளிருக்கும் வால்வுகள். அவை சரியாக மூடாதபோது ரத்தம் தேங்கி, சிரை புடைத்து நெளிகிறது. கெண்டைக்காலில் முடிச்சு தெரிந்தாலும் கோளாறு பெரும்பாலும் தொடையின் உட்புறம் ஓடும் பெரிய சாஃபினஸ் சிரையில் இருக்கும்.

பயத்துக்கு விடை இங்கேதான். கால் ரத்தத்தில் சுமார் 90 சதவீதம் தசைகளுக்கிடையே உள்ள ஆழ்சிரைகள் வழியாகத்தான் ஏறுகிறது. தோலுக்கடியில் ஓடும் மேல்சிரை பழுதானால் உதவுவதில்லை. ஏறிய ரத்தத்தையே கீழே இறக்கிவிடுகிறது. அதை மூடினால் ஆழ்சிரைகளின் சுமை குறையும்.

ஆனால் ஆழ்சிரைகள் நன்றாக இருக்க வேண்டுமே! அதனால்தான் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன். நிற்கவைத்துப் பார்க்கும்போது மேல்சிரையில் ரத்தம் அரை வினாடிக்கு மேல் பின்னோக்கி ஓடினால் வால்வு பழுது என்று கொள்வார்கள். இந்த ஸ்கேன் இல்லாமல் எந்தச் சிகிச்சைக்கும் சம்மதிக்காதீர்கள்.

லேசரோ ரேடியோ அலையோ, முறை ஒன்றுதான்: முழங்கால் அருகே ஊசித்துளை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, சிரையைச் சுற்றி மரத்துப்போகும் மருந்து கலந்த நீரை ஏற்றுவார்கள். வலியை அடக்குவதோடு, பக்கத்துத் திசுக்களைச் சூட்டிலிருந்து காப்பதும் இந்த நீர்தான். சூட்டில் சிரை சுருங்கி மூடும். மாதங்கள் போகப்போக நாராகிக் கரையும். அன்றே நடக்கலாம், நடக்கவும் வேண்டும். நுரை ஊசி, பசை என்று வேறு வழிகளும் உண்டு. எதுவானாலும் பின்னாளில் வேறொரு சிரை புடைக்கலாம்.

அழுத்தக் காலுறை வீக்கத்தையும் கனத்தையும் குறைக்கும், வால்வைச் சரிசெய்யாது. காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியில் அடைப்பு இருந்தால் அது ஆபத்து. பாதத்தின் நாடித்துடிப்பைப் பார்த்த பிறகே அணியுங்கள்.

சிகிச்சைக்கு முன்போ பின்போ ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், ஆழ்சிரையில் ரத்தக்கட்டி இருக்கலாம். மூச்சுத்திணறலும் சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. புடைத்த சிரை உடைந்து ரத்தம் பீறிட்டால் உடனே படுத்து, காலை உயர்த்தி, அந்த இடத்தை அழுத்திப் பிடியுங்கள். நின்றுகொண்டே இருந்தால் சிரையின் அழுத்தம் குறையாது, ரத்தமும் எளிதில் அடங்காது.