அது சுனாமி இல்லை, டீச்சர்!

இந்த ஆண்டும் ஒரு தொடக்கப் பள்ளிக் கண்காட்சியில் அதே சார்ட். பொங்கி வளையும் நீல அலை, அதன் கீழே சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் 'சுனாமி – சீன ஓவியம்'. மூன்றே சொல். மூன்றும் தப்பு. கடலோர மாவட்டங்களில் ஓவிய வகுப்புக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் போய்வருகிறவன் நான். இதைப் பார்க்காத வருஷமே இல்லை. சிரித்துவிட்டு நகர்கிற பொறுமை தீர்ந்துவிட்டது.

'சீன' என்பதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வரைந்தவர் ஹொகுசாய், ஜப்பானியர். ஃபுஜி மலையைப் பல இடங்களிலிருந்து காட்டும் வரிசையில் ஒன்றாக, 1831 வாக்கில் வந்த படம் இது. 2024-ல் வெளியான ஜப்பானின் 1,000 யென் நோட்டின் பின்பக்கத்தில் இருப்பதும் இதே அலைதான்.

இனி சுனாமிக்கு வருவோம். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். படத்தை ஒரு நிமிஷம் பாருங்கள். கரை எங்கே? மணல் இல்லை, வீடு இல்லை, மரம் இல்லை. கடலுக்குள் மூன்று படகுகள். தண்டு வலிக்கிறவர்கள் குனிந்து, தண்டைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறார்கள். எடோ நகருக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, புது மீன் கொண்டுசேர்க்கும் வேகப் படகு வகை அது. அலைக்கு அடியில், தூரத்தில், குட்டியாகத் தெரிவது 3,776 மீட்டர் உயர ஃபுஜி. சுனாமி இப்படிக் கடலுக்கு நடுவில் கொண்டை வைத்துச் சுருண்டு எழும்பாது. ஆழ்கடலில் அது ஒரு மீட்டர் உயரம் இருந்தாலே அதிகம். படகுக்கு அடியில் கடந்து போனால் படகில் இருப்பவருக்கே தெரியாது. கரையை நெருங்கித்தான் ஏறும். 2004 டிசம்பர் 26 அன்று தொலைவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த பலர் கரைக்குத் திரும்பிய பிறகுதானே நடந்ததை அறிந்தார்கள்? படத்தில் இருப்பது காற்று கிளப்பிய பேரலை. கடலுக்குப் போகிறவர் எல்லாருக்கும் பழக்கமான சங்கதி.

மீனவக் கிராமத்துப் பிள்ளைகளிடம் பெயர் எதுவும் சொல்லாமல் படத்தை மட்டும் காட்டுங்கள். அணியம், அதாவது படகின் முன்பகுதி, எந்தப் பக்கம் இருக்கிறது, அலையை எப்படி வாங்குகிறார்கள், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவர்களே அலசுவார்கள். 'சுனாமி' என்று வாய் திறந்தீர்களோ, பார்ப்பது அத்தோடு நின்றுவிடும். நாகப்பட்டினம், கடலூர் பக்கம் பல வீடுகளில் மாலை போட்ட போட்டோக்கள் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளையிடம், இல்லாத சுனாமியை நாமே போய்க் காட்ட வேண்டாம். இதைத் தயவாகவே கேட்கிறேன்.

மூன்றாவது தப்பு யாருக்கும் தப்பாகவே படுவதில்லை. இது தூரிகையால் தீட்டிய படம் இல்லை, மரக்கட்டை அச்சு. ஹொகுசாய் வரைந்து கொடுத்தார். செதுக்கியவர் வேறு, நிறம் தடவி அச்சடித்தவர் வேறு, முதல் போட்ட பதிப்பாளர் வேறு. ஆயிரக்கணக்கில் அடித்துச் சாதாரண ஜனங்கள் வாங்குகிற விலைக்கு விற்றார்கள். அந்த ஆழ்ந்த நீலம் ஐரோப்பாவில் கண்டுபிடித்த நிறமி. உங்கள் பிள்ளைகளின் வாட்டர் கலர் பெட்டியிலேயே பிரஷ்யன் ப்ளூ என்று இருக்கும், எடுத்துக் காட்டுங்கள். (மூடி திறக்க வராத ட்யூப் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.)

ஆகவே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து 'கலர் அடி' என்று சொல்வதில் ஒரு பயனும் இல்லை. அச்சடிக்க விடுங்கள். வெண்டைக்காயை வெட்டி அச்சு வைக்கத் தெரிந்த டீச்சருக்கு இது பெரிய வித்தையா? ஸ்டேஷனரி கடை ஃபோம் ஷீட்டை அட்டையில் ஒட்டி, மை தீர்ந்த பேனாவால் அழுத்தி வரையச் சொல்லுங்கள். போஸ்டர் கலரைக் கெட்டியாக, ஸ்பாஞ்சால் ஒற்ற வேண்டும். தண்ணீர் கலந்தால் கோடெல்லாம் அடைந்துவிடும், அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது. மேலே மெல்லிய தாளை வைத்துக் கரண்டியின் பின்புறத்தால் தேய்த்தால் போதும். பெயர் எழுதியவர்களுக்கு எழுத்து வலம் இடம் மாறி வரும். முன்கூட்டிச் சொல்லிக் கெடுக்காதீர்கள், அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

உளி, பிளேடு எதையும் ஐந்தாம் வகுப்பு வரை கையில் தராதீர்கள். ஜப்பான் என்றதும் ஒரு பையன் கண்ணோரத்தை விரலால் இழுத்துக் காட்டுவான். வகுப்பு சிரிக்கும். நீங்கள் சிரிக்காதீர்கள், அங்கேயே நிறுத்துங்கள். பாண்டா, கிமோனோ, டிராகன், கொரியன் பாட்டு எல்லாவற்றையும் ஒரே மேடையில் ஏற்றி 'கிழக்காசிய தினம்' கொண்டாடுவதையும் விட்டுவிடுங்கள். மூன்று நாட்டுக்கும் தனித்தனி நாள் ஒதுக்க முடியாது என்றால் ஒரு நாட்டை மட்டும் எடுங்கள், போதும்.

ஒவ்வொரு பிள்ளையும் ஐந்தாறு பிரதி எடுக்கட்டும். நல்லதைப் பொறுக்கிச் சுவரில் ஒட்டிவிட்டு மற்றதைக் கிழித்துப் போடுகிற வேலை கூடாது. பக்கத்து பெஞ்சோடு மாற்றிக்கொள்ளட்டும், ஒன்று வீட்டுக்குப் போகட்டும்.