அப்பா பெயரின் வால்

சாதனங்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேச வேண்டும் என்று விதிக்கும் ஒரு தரநிலை வரைவு. ஆறு பேர் மூன்று சுற்று படித்தோம். ஆறு பேருமே நெட்வொர்க் ஆட்கள். 'சாதனத்தின் பெயர் 32 பைட்டுக்கு (கணினி எழுத்தைச் சேமிக்கும் இட அளவு) மேல் போகக் கூடாது' என்ற வரியில் யார் கண்ணும் நிற்கவில்லை. வைஃபை பெயருக்கே 32 பைட்தானே, போதும் என்ற நினைப்பு.

பெங்களூரு மாரத்தஹள்ளியில் எங்களோடு டெஸ்டிங் பார்க்கும் சேலத்துப் பெண் ஒருவரை, இந்திய மொழிகளில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள் என்று ஒப்புக்குத்தான் கூப்பிட்டோம். அவர் தன் அப்பா பெயரை அடித்தார்: தட்சிணாமூர்த்தி. திரையில் வந்தது 'தட்சிணாமூர'. அதன் பின்னால் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி.

"அண்ணா, எங்கப்பா பேரோட வாலை யாரு வெட்டினது?"

நாங்கள்தான். நம் கணக்கில் அது எட்டு எழுத்து. உலக மொழி எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடில் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறி என்பதால் பதினைந்து. அந்த எண்களைப் பைட்டாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்; ஆக 45. பத்துக் குறிக்கு 30 பைட் போக, மிச்சம் இரண்டில் 'ர்' மேலுள்ள புள்ளி மூன்றில் இரண்டு பங்கு மட்டும் உட்கார்ந்து, உடைந்து, கேள்விக்குறியாகிவிட்டது. ஆங்கிலப் பெயர் 32 எழுத்தும் முழுசாகப் போகும்.

ஒரே துறை ஆட்களே படித்துக் கோட்டைவிடுவது பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. 1997ல் வந்த முதல் வைஃபை தரநிலையில் செய்தியை மறைத்து அனுப்ப வெப் (WEP) என்ற பூட்டு இருந்தது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மாற வேண்டிய தொடக்க எண்ணுக்கு 24 பிட்தான் ஒதுக்கினார்கள். மொத்தம் 1.67 கோடி எண்கள். பின்னால் வந்த நொடிக்கு 11 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் ஓடினால் ஐந்து மணி நேரத்தில் தீர்ந்து, பழைய எண்ணே திரும்ப வரும்; உடைக்கப் பார்க்கிறவனுக்கு அது வசதி. செய்தியை யாரும் திருத்தவில்லை என்று உறுதிசெய்ய வைத்ததோ சிஆர்சி-32 என்ற சரிபார்ப்பு எண். அது கம்பியில் தற்செயலாக வரும் பிழையைப் பிடிக்க நல்ல கருவி. வேண்டுமென்றே திருத்துகிறவனிடம் செல்லாது. வயர்லெஸ் ஆளுக்கு அது பழகிய சாமான். செய்தியை மறைத்துப் பூட்டும் கலையான மறையாக்கம் படித்தவர் முதல் வாசிப்பிலேயே கேள்வி கேட்டிருப்பார். 2001ல் பூட்டு உடைந்தது.

இன்று இணைய நெறிமுறைகளை எழுதும் ஐஇடிஎஃப்பில் ஒவ்வொரு ஆவணத்திலும் பாதுகாப்புக்குத் தனிப் பகுதி கட்டாயம். வேறு துறை வல்லுநர் குழுக்களும் வரைவைப் படிக்கும். வலைத் தரநிலைகளை எழுதும் டபிள்யூ3சியில் அணுகல்தன்மை, மொழிகள், தனியுரிமை என்று குறுக்கு மதிப்பாய்வு நடக்கிறது. ஏற்பாடு இருக்கிறது, கூப்பிடும் நேரம்தான் தப்பு. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ஜாதகம் பார்க்கிற மாதிரி, கடைசிச் சுற்றில் அனுப்பிவிட்டு "இப்ப போய் இதைச் சொல்றீங்களே" என்று கடுகடுப்போம்.

வெளி ஆளைக் கூப்பிட்டால் நூறு பக்கத்தை அப்படியே தள்ளிவிடாதீர்கள். எந்தப் பிரிவு, எதில் சந்தேகம், எதை இனி மாற்ற முடியாது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். படிக்கிறவரும் 'சரியில்லை' என்று மட்டும் எழுதினால் பிரயோஜனமில்லை. அந்தப் பெண் எழுதியது மூன்றே வரி: எந்தப் பிரிவு, எந்தப் பெயர் உடைகிறது, வரம்பு எவ்வளவு இருக்கலாம், வெட்டியே ஆக வேண்டுமென்றால் முழு எழுத்தின் எல்லையில் வெட்டுங்கள். அப்படியே ஏற்றுக்கொண்டோம்.

இப்போது எங்கள் சோதனைக் கோப்பின் முதல் வரி தட்சிணாமூர்த்தி. போன வாரம் அவரிடமிருந்து அடுத்தது வந்தது: "அண்ணா, 'குடும்பப் பெயர் கட்டாயம்'னு போட்டிருக்கீங்க. எனக்கு இனிஷியல்தானே இருக்கு?"

அந்தப் பிரிவைத் திருத்திக்கொண்டிருக்கிறோம்.