பூச்சிக் குளிசை: யாருக்கு, எப்போது, ஏன் திரும்பத் திரும்ப?

“போன முறைதானே குடுத்தது, இப்பவும் ஏன்?” குடற்புழுவைக் கொல்லும் பூச்சிக் குளிசையைக் கொடுக்கும்போது, வன்னியில் கிளினிக் நாட்களில் தாய்மார் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் வளவு மண்ணில் கிடக்கிறது.

வட்டப்புழுவில் ஒரு பெண் புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் முட்டை இடும். மலத்தோடு வெளியேறும் முட்டை ஈர மண்ணில் சில கிழமைகள் முதிர்ந்து, கழுவாத கையோடும் கீரையோடும் வாய்க்குள் போகிறது. கொழுக்கிப்புழுவுக்கு வாயே தேவையில்லை. மண்ணில் பொரிக்கும் அதன் குடம்பி (இளம் புழு) வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழைந்து, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் கொழுவிக்கொள்ளும். பிறகு இரத்தம் குடிக்கும். மாரி தொடங்கி நிலம் ஈரமானால் அதற்குக் கொண்டாட்டம். பிள்ளை வெளிறி, களைத்து, வகுப்பில் தூங்கி விழுந்தால் சோம்பேறி என்று ஏசாதீர்கள், இரத்தச்சோகையாக இருக்கலாம்.

குளிசை இன்று வயிற்றில் இருக்கும் புழுவைத்தான் கொல்லும். நாளை மண்ணிலிருந்து ஏறுவதைத் தடுக்காது. சின்னப் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பது அதனால்தான். செருப்பும் மலசலகூடமும் இல்லாமல் குளிசை மட்டும் போதாது.

இது முழுக்க இலவசம். 18 மாதம் கடந்த பிள்ளைக்குக் கிளினிக்கில் கிடைக்கும். படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே கொடுப்பார்கள். கர்ப்பிணிகளுக்கு முதல் மூன்று மாதம் கழிந்தபின் கொடுப்பார்கள். வயிற்றுப் பிள்ளைக்கு ஏதும் ஆகுமோ என்று பயந்து ஒளித்துவைப்பவர்கள் உண்டு, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தாயின் இரத்தம் குறைவதுதான் பிள்ளைக்கு ஆபத்து. முதலில் மலப் பரிசோதனை செய்ய வேண்டியதில்லை. ஒருமுறை தவறிவிட்டால் உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேளுங்கள்.

வழக்கமாகக் கொடுப்பது மெபென்டசோல் 500 மில்லிகிராம், ஒரே தடவை. சப்பி விழுங்கலாம். சின்னப் பிள்ளைக்கு அரைத்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். அழுகிற பிள்ளையின் மூக்கைப் பிடித்து வாயில் திணிக்கவே வேண்டாம், புரைக்கேறி மூச்சடைக்கும். காய்ச்சல் என்றால் சுகமானபின் கொடுக்கலாம். கொஞ்சம் வயிற்றுவலி வரலாம், மலத்தில் புழு விழலாம். பயப்பட ஒன்றுமில்லை.

இரவில் ஆசனவாய் கடிக்கிறது என்று பிள்ளை அழுதால் அது பெரும்பாலும் கீரிப்பூச்சி, நூல்போன்ற சின்னக் குடற்புழு. வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்தெடுத்து, இரண்டு கிழமை கழித்து மறுபடியும் எடுக்க வேண்டும். நகம் வெட்டி, படுக்கை விரிப்பையும் தோய்த்துவிடுங்கள்.

சரி, எல்லா வயிற்றோட்டத்துக்கும் இந்தக் குளிசை கேட்குமா? கேட்காது. அமீபா, ஜியார்டியா போன்றவை கண்ணுக்குத் தெரியாத ஒற்றைக்கல உயிர்கள். அவற்றுக்கு மருந்து வேறு. சளியும் இரத்தமுமாகப் போனால் கடையில் குளிசை வாங்கிக் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் மலத்தைப் பரிசோதியுங்கள். கிணற்றுத் தண்ணீரை எப்போதும் கொதிக்கவைத்தே குடியுங்கள்.