காய்ச்சலோடு குழப்பமும் சேர்ந்தால்

"காய்ச்சல் நாலு நாளா இருக்கு டாக்டர். நேத்து ராத்திரியில இருந்து ஆளே ஒரு மாதிரியா இருக்கார்." தீவிர சிகிச்சைப் பிரிவில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. துருவிக் கேட்டால், மகளின் பெயரை மாற்றிச் சொன்னார், பகலை இரவு என்றார், எழுப்பினால் கண்ணைத் திறந்துவிட்டு மறுபடி உறங்கிப்போனார் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். வீட்டில் அதைக் காய்ச்சல் அசதி என்று விட்டிருப்பார்கள். எங்களுக்கோ அது தொற்றின் பாதிப்பு மூளை வரை எட்டியதன் அடையாளம்.

கிருமியைக் கண்டதும் மேக்ரோஃபேஜ் போன்ற வெள்ளையணுக்கள் டிஎன்எஃப், இன்டர்லூகின் முதலிய அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. அவை இல்லாமல் கிருமியை வெல்ல முடியாது. ஆனால் கட்டுமீறினால் ரத்தக்குழாய்கள் கசியும், ரத்த அழுத்தம் சரியும், சிறுநீரகமும் நுரையீரலும் பழுதாகும். இதுதான் செப்சிஸ். அதில் கிருமி செய்யும் சேதத்தோடு உடலின் சொந்த எதிர்வினை செய்யும் சேதமும் சேர்ந்துகொள்கிறது.

அந்த எதிர்வினையை அடக்குவதில் நரம்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அழற்சி தொடங்கிய செய்தியை, மூளைக்கும் உள்ளுறுப்புகளுக்கும் இடையே ஓடும் வேகஸ் நரம்பு மூளைத்தண்டுக்குக் கொண்டுபோகிறது. மூளையின் அடியிலுள்ள ஹைப்போதாலமஸ் காய்ச்சலை ஏற்றுகிறது, அட்ரினல் சுரப்பியைத் தூண்டி, அழற்சியைத் தணிக்கும் கார்டிசாலை வரவழைக்கிறது. இன்னொரு வழி மண்ணீரலுக்குப் போகிறது. அங்கே நரம்பு முனையில் வெளிப்படும் நார்அட்ரினலின், டி செல்கள் எனும் வெள்ளையணுக்களில் ஒருவகையை எட்ட, அவை நரம்புகள் செய்தி சொல்லப் பயன்படுத்தும் அசிடைல்கோலினைச் சுரக்கின்றன. அது பட்டதும் மேக்ரோஃபேஜ்கள் டிஎன்எஃப் உற்பத்தியைக் குறைக்கின்றன. நரம்பு மொழியில் பேசும் நோய் எதிர்ப்பு அணு! எனக்கு இன்றும் வியப்பூட்டும் இடம் இது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் கெவின் ட்ரேசியின் குழு, பாக்டீரியா நச்சு செலுத்தப்பட்ட எலிகளின் வேகஸ் நரம்பை மின்சாரத்தால் தூண்டியபோது டிஎன்எஃப் குறைந்தது, ரத்த அழுத்தம் சரிவதும் தடுக்கப்பட்டது.

அடக்கினால் மட்டும் போதுமா என்றால், இல்லை. பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்கு நிமோனியா வருவதற்கு, விழுங்குவதில் உள்ள சிரமத்தோடு, அடிபட்ட மூளை நோய் எதிர்ப்பைத் தணித்துவிடுவதும் ஒரு காரணம். செப்சிஸிலும் முதல் கொந்தளிப்பு அடங்கிய பின் எதிர்ப்பு சோர்ந்து, புதுத் தொற்று ஒட்டிக்கொள்ளும்.

வேகஸ் நரம்பைத் தூண்ட மூச்சுப்பயிற்சி செய்தால் செப்சிஸ் வராதா என்று இப்போது பலர் கேட்கிறார்கள். பயிற்சி மனதுக்கு நல்லது, சரி. ஆனால் அதை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். அழற்சியைத் தணிக்க வேகஸைத் தூண்டும் கருவி ஒன்றுக்கு 2025இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அதுவும் மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்துக்கு. செப்சிஸுக்கு இன்றும் சீக்கிரம் தொடங்கும் ஆன்டிபயாடிக், தேவையான திரவம், ரத்த அழுத்தத்தைத் தாங்கும் மருந்துகள்தான்.

அதனால் தொற்று உள்ளவரிடம் பெயர், இடம், கிழமை கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். புதிய குழப்பம், நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல் மூச்சு, மேல் ரத்த அழுத்தம் 100 அல்லது அதற்குக் கீழ் இவற்றில் இரண்டு இருந்தால் நிலைமை மோசமாகும் அபாயம் அதிகம். ஒன்றே இருந்தாலும் காத்திருக்க வேண்டாம், உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் குழப்பம் மட்டும் வரலாம். வந்ததும், கடைசியாக எப்போது அவர் வழக்கம்போலப் பேசினார் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.