துடைப்பத்தைக் கீழே வையுங்கள்

“அக்கா, நீங்க உட்காருங்க, நான் கூட்டிடறேன்.” மண்பாண்ட வகுப்பு முடிந்ததும் ஒருவர் துடைப்பத்தை எடுத்துவிட்டார். நல்ல மனசுதான். ஆனால் “வேண்டாம்!” என்று நான் போட்ட சத்தத்தில் அறையே திரும்பிப் பார்த்தது.

இரண்டு மணி நேரம் முன்பு இதே ஆள்தான் கால்சட்டையில் தெறித்த ஒவ்வொரு சொட்டுக்கும் முகம் சுளித்துக்கொண்டிருந்தார். முதல்முறை சக்கரத்தில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான். ஈர மண்ணுக்குப் பயப்படுவார்கள். காய்ந்த மண்ணைக் கண்டுகொள்ள மாட்டார்கள். ஈர மண் கழுவினால் போய்விடும். காய்ந்ததைக் கூட்டினாலோ கண்ணுக்கே தெரியாத நுண்தூசி கிளம்பி நெடுநேரம் காற்றில் நிற்கும். அதில் சிலிக்கா என்கிற கனிமம் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசித்தால் நுரையீரலில் தழும்பு விழும். சிலிக்கோசிஸ் என்று பெயர். விழுந்த தழும்பை மாற்ற மருந்து கிடையாது. ஒருநாள் வந்து போகிறவர் இதற்காகக் கலங்க வேண்டியதில்லை. தினமும் அதே அறையில் மூச்சுவிடுகிற என்னைப் போன்றவர்களுக்குத்தான் கணக்கு ஏறிக்கொண்டே போகும். அதனால் பட்டறையில் எல்லாமே ஈரத்துணி, ஈரப்பஞ்சுதான். ஏப்ரனை உதறக் கூடாது. மண் கலங்கிய வாளித் தண்ணீரை சிங்க்கில் கொட்டவும் கூடாது. குழாய்க்குள் படிந்து அடைத்துக்கொள்ளும்.

சரி, சக்கரத்துக்கு வருவோம். மோதிரம், வளையலைக் கழற்றி, நகம் வெட்டி, முடியைக் கட்டி, தொங்குகிற துணியைச் செருகிக்கொண்டு உட்காருங்கள். கையில் வெட்டுக்காயமோ இடுப்புவலியோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அரைக் கிலோ உருண்டை போதும். நட்டநடுவில் அறைந்து ஒட்டி, நனைத்து, பெடலை மிதித்தால் மண் உள்ளங்கையில் ‘தடக் தடக்’கென்று இடிக்கும். உடனே எல்லோரும் அதனோடு மல்லுக்கட்டுவார்கள். முழங்கை அந்தரத்தில் நிற்கும், கையும் மண்ணோடு சேர்ந்து ஆடும். முழங்கையைத் தொடையில் ஊன்றி, உடம்பின் கனத்தைச் சாய்த்து, கையை அசைக்காமல் வைத்துப் பாருங்கள். மெல்ல மெல்ல இடி நின்றுவிடும். சக்கரம் சுற்றுகிறது, ஆனால் கைக்குள் ஒன்றும் நகராததுபோல இருக்கும். அதுதான் மையம். அதற்கு முன் பெருவிரலை அழுத்திக் குழி போட்டால் ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெலிவு. சுவரை இரண்டு மூன்று முறை ஏற்றியதும் பாத்திரம் தள்ளாடி மடிந்து உட்கார்ந்துவிடும். பக்கத்துச் சக்கரக்காரர் சிரிப்பார்; அடுத்தது அவருடையதுதான் விழும்! கூட்டமாகக் கற்பதில் எனக்குப் பிடித்ததே இதுதான். தன் கை செய்கிற தப்பைவிட அடுத்தவர் கை செய்வது தெளிவாகத் தெரியும்.

முடிந்ததும் கம்பியால் பாத்திரத்தை நடுவில் அறுத்து, சுவரின் கனத்தைப் பார்க்கச் சொல்வேன். அடியில் தடித்து விளிம்பில் தாளாக இருக்கும். இருபது நிமிடம் படித்துப் படித்துச் சொல்வதை அந்த ஒரு வெட்டு காட்டிவிடும். ஆனால் முதல் பாத்திரத்தை அறுக்க யாருக்கு மனசு வரும்?

“இன்னைக்கே எடுத்துட்டுப் போலாமா?” முடியாது. மெதுவாகக் காய ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். சுட்டு முடிப்பதற்குள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கியும்விடும். கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம். அப்படியே சூளையில் வைத்தால் 100 டிகிரி தாண்டும்போது ஈரம் நீராவியாகிப் பாத்திரம் வெடிக்கும். சில்லுகள் பக்கத்தில் இருப்பவர் பாத்திரத்தையும் கெடுக்கும். காற்றுக்குமிழி மேல் பழி போடுவார்கள், பெரும்பாலும் குற்றவாளி ஈரம்தான். 1000 டிகிரியை ஒட்டிய முதல் சூட்டுக்குப் பிறகும் பாத்திரம் தண்ணீரை உறிஞ்சும். மெருகு, அதாவது சுட்டதும் கண்ணாடிபோல ஆகிற பூச்சு, பூசி இன்னொரு முறை சுட வேண்டும். அதில் சாப்பிடப் போகிறீர்கள் என்றால், அந்த மெருகு உணவுக்கு ஏற்றதா என்று கேட்காமல் வாங்கிப் போகாதீர்கள்.

துடைப்பக்காரர் பஞ்சை நனைத்துச் சக்கரத்தைத் துடைத்தார், தரையையும் துடைத்தார். கிளம்பும்போது கால்சட்டையில் காய்ந்திருந்த மண்ணைத் தட்டக் கையைத் தூக்கியவர், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரும்பவும் பஞ்சை எடுத்தார்.