குடல் அடைப்புக்கு ஸ்டென்ட்: முதல்வர் காப்பீட்டு அட்டையோடு போகிறவர்களுக்கு

பெருங்குடல் புற்றுநோய் முற்றிய ஒருவருக்கு மலமும் போகவில்லை, காற்றும் பிரியவில்லை, வயிறு மத்தளமாக உப்பி வாந்தியும் எடுக்கிறது என்றால் அதை வெறும் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள். குடல் அடைத்துக்கொண்டிருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நோயைக் குணப்படுத்த முடியாத நிலையில், அடைப்பை மட்டும் நீக்கி நிம்மதி தர மருத்துவர்கள் பெரும்பாலும் இரண்டு வழி சொல்வார்கள். வயிற்றில் துளையிட்டுக் குடலை வெளியே எடுத்துப் பை மாட்டுவது ஒன்று. ஆசனவாய் வழியே கேமரா குழாயை விட்டுப் பார்க்கும் கொலோனாஸ்கோப்பி மூலமாக ஸ்டென்ட் வைப்பது மற்றொன்று. ஸ்டென்ட் என்றதும் இதயத்துக்கு வைப்பது நினைவுக்கு வரும். இது அதைவிடப் பெரியது. நிக்கலும் டைட்டானியமும் கலந்த மெல்லிய கம்பி வலையை ஒடுக்கி ஒரு குழாய்க்குள் அடைத்திருப்பார்கள். எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி கட்டியின் நடுவே ஒரு கம்பியை நுழைத்து, அதன் மேல் இந்தக் குழாயைச் செலுத்தி உறையை உருவினால் வலை தானாக விரியும். கட்டைவிரல் பருமனுக்கு விரிய ஓரிரு நாள் ஆகலாம். வயிற்றைக் கீற வேண்டியதில்லை, பையும் வேண்டாம்.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. இடப்பக்கப் பெருங்குடலில் ஒரே இடத்தில் அடைப்பு இருந்தால் நல்ல பலன் உண்டு. வயிறு முழுக்க நோய் பரவிப் பல இடங்களில் அடைத்திருந்தாலோ, குடல் ஏற்கெனவே ஓட்டையாகியிருந்தாலோ வைக்க மாட்டார்கள். கட்டி ஆசனவாயை ஒட்டி இருந்தால் ஸ்டென்ட் உறுத்திக்கொண்டே இருக்கும். குடல் கிழிவது, ஸ்டென்ட் நகர்வது, கட்டி வலைக்குள் வளர்ந்து மறுபடி அடைப்பது ஆகிய அபாயங்களும் உண்டு. பெவாசிசுமாப் என்ற புற்றுநோய் மருந்து ஏறிக்கொண்டிருந்தால் கிழியும் ஆபத்து கூடும். அதனால் கீமோ சீட்டுகளைக் கையோடு எடுத்துப் போங்கள்.

இனி பணம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடக்கிறது. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். இது ஆளுக்கு 5 லட்சம் இல்லை, குடும்பத்துக்கே அவ்வளவுதான். முந்தைய கீமோ, அறுவை சிகிச்சையெல்லாம் இதில்தான் கழிந்திருக்கும். ஆகவே மீதி எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். அட்டையே இல்லையென்றால் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு யாராவது ஒருவர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். நோயாளியை அதற்காகக் காக்க வைக்காமல் அரசு மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள்.

அட்டையைக் காட்டியதோடு வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சிகிச்சைக்கு முன்பே மருத்துவமனை அனுமதி கேட்டு, அது வந்த பிறகுதான் செலவு காப்பீட்டில் சேரும். அனுமதி ‘ஸ்டென்ட்’ என்ற பொருளுக்குத் தருவதில்லை. திட்டத்தின் பட்டியலில் உள்ள ஒரு சிகிச்சைத் தொகுப்புக்கு, அதாவது ‘பேக்கேஜ்’ என்பார்களே, அதற்குத் தருவது. எங்கள் உறவினர் ஒருவருக்கு அனுமதி வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தோம். வைத்து முடித்தபின் “ஸ்டென்ட் தனி பில்” என்று ஒரு சீட்டு நீட்டினார்கள். அன்று கேட்காமல் விட்டதை உங்களுக்குச் சொல்கிறேன். காப்பீட்டு கவுன்டரில் இப்படிக் கேளுங்கள்: “எந்தத் தொகுப்பின் கீழ் அனுப்புகிறீர்கள்? ஸ்டென்ட் விலை அதற்குள் அடக்கமா? அவசரம் என்று குறித்திருக்கிறீர்களா?” திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைதானா என்பதையும், அங்கே இந்த நோய்க்கான பிரிவு சேர்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். அனுமதி பெற்ற தொகுப்புக்குக் கைப்பணம் கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் அங்கிருந்தே புகார் சொல்லலாம்.

வீடு திரும்பியபின் கீரைத்தண்டு, முருங்கைக்காய், பலாச்சுளை போன்ற சக்கையுள்ள உணவு கூடாது. குழைந்த சாதம், இட்லி, வடிகட்டிய சூப் போதும். மலம் இளக எழுதிக் கொடுத்த மருந்தை நிறுத்தாதீர்கள். திடீரென வயிறு வலித்துக் காய்ச்சல் வந்தால் உடனே திரும்பிப் போங்கள். எழுந்து நடமாட முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்புச் செவிலியர் வீட்டுக்கே வருவார். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள்.